பூவரசன் வெட்டிய கலங்கல்

கோலியனூர் பூவரசன் தன் வாழ்நாளில் போட்ட போர்க்கிணறுகள் ஆயிரத்து நானூறுக்குக் குறையாது. அதில் தண்ணீர் வந்தது எத்தனை என்று கேளுங்கள், மூச்சு விடாமல் ஊர் ஊராகச் சொல்வான். வராதது எத்தனை என்று கேட்டால் டீக்கடைப் பக்கம் நழுவிவிடுவான். அப்படி நழுவ முடியாத மூன்று குழிகள் அவனுக்கு உண்டு. மூன்றும் ஒரே கொல்லையில், பாஞ்சாலிக்குப் போட்டவை.

திண்டிவனத்துக்குத் தெற்கே, பெரிய ரோட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே பாஞ்சாலிக்கு இரண்டரை ஏக்கர் மேட்டுக்கொல்லை. வானம் பார்த்த பூமி. மழை வந்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, வராவிட்டால் முள்ளுச்செடி. புருஷன் போய்ச் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகிறது. அவளும் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். முதல் போர் முந்நூறு அடி, இரண்டாவது ஐந்நூறு, மூன்றாவது எழுநூற்று இருபது. மூன்று முறையும் குழியிலிருந்து வெள்ளைப் புழுதிதான் கிளம்பி, வேடிக்கை பார்த்தவர்கள் தலையில் விழுந்தது. மூன்று முறையும் பூவரசன் மெஷினை நிறுத்திவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்று, "இல்லக்கா" என்றான்.

அவள் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. "பூமில இல்லாததுக்கு நீ இன்னா பண்ணுவ தம்பி. கை கழுவிக்கினு வா" என்று கேப்பைக் களியும் மல்லாட்டைத் துவையலும் போட்டாள். திட்டியிருந்தால் அன்றே மறந்து தொலைத்திருப்பான். அந்தக் களிதான் அவன் தொண்டையில் நின்றுவிட்டது.

மூன்றாவது குழிக்குப் பிறகு போர் வண்டியை விட்டுவிட்டு ராஜஸ்தானுக்குப் போனான். எண்ணெய்க் கிணறு தோண்டும் பெரிய ரிக்கில் ஏழு வருடம் வேலை. போகும்போது எடுபிடி, திரும்பும்போது லீவர் பிடிக்கிற டிரில்லர். ஊருக்கு வந்த ஆறாவது மாதம் ஒரு கம்பெனி அவனைத் தேடி வந்தது. பூமிக்குள் ஆழமாகப் போகப் போகச் சூடு ஏறும். அந்தச் சூட்டுத் தண்ணீரை மேலே எடுத்து, சூட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, தண்ணீரை இன்னொரு துளை வழியாக உள்ளேயே அனுப்பிவிட வேண்டும். அந்தச் சூட்டை வைத்துக் கரண்ட் எடுக்கலாமா, காய்கறிக் கிடங்கைக் குளிர வைக்கலாமா என்று பார்க்கிற சோதனைக் கிணறு. ஆயிரத்து எழுநூறு மீட்டர். இடம் எங்கே என்று போய்ப் பார்த்தால், பாஞ்சாலியின் கொல்லை. ஒரு மூலையை இரண்டு வருடக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். விதிக்கு வேறு வேலையே கிடையாது போலிருக்கிறது.

அங்கே பாதுகாப்பு அதிகாரி சங்கவி. விழுப்புரத்துப் பெண், இருபத்தெட்டு வயது, தலையில் ஹெல்மெட் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. வந்த முதல் நாளே பூவரசனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"அண்ணா, போர்க்காரங்களுக்குத் தண்ணி தானா மேல வந்தா சந்தோஷம். இங்க அதான் ஆபத்து. அத மட்டும் மனசுல வச்சிக்கங்க."

அவனுக்கே தெரிந்த விஷயம்தான், எண்ணெய்க் கிணற்றிலும் இதே பாடம். துளைக்குள் எப்போதும் கனமான சேற்றுக் குழம்பை நிரப்பி வைத்திருப்பார்கள். அதன் பாரம்தான் அடியில் இருக்கிற சூட்டுத் தண்ணீரை அழுத்திப் பிடித்திருக்கும். பம்பு அனுப்புகிற சேற்றைவிடத் தொட்டிக்குத் திரும்பி வருகிற சேறு கூடினால், கீழே எதுவோ முட்டித் தள்ளுகிறது என்று அர்த்தம். உடனே பைப்பைத் தூக்கி, பம்பை நிறுத்தி, கிணற்றின் வாயை இறுக்கி மூடுகிற அந்த இரும்பு வால்வை அடைக்க வேண்டும். ஆட்கள் அதை வாய்ப்பூட்டு என்பார்கள். பூட்டியபின் உள்ளே ஏறுகிற அழுத்தத்தைப் பக்கவாட்டுக் குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாக அறுபது மீட்டர் தள்ளியிருக்கிற குழிக்கு விட்டபடி, புதிதாகக் கனச் சேறு கலந்து உள்ளே ஏற்ற வேண்டும். சங்கவி கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவனைத் தினமும் ஒத்திகை பார்க்க வைத்தாள். முதலில் எழுபது விநாடி ஆனது. மூன்றாம் வாரம் முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டான்.

"கீழ இருக்கிற தண்ணி எண்பது டிகிரிண்ணா. வடிச்ச கஞ்சி சூடு. மேல பட்டா தோல் நிக்காது. அதனால குழிக்கரை முழுசா இருக்கணும், ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. அபாயச் சங்கு ஊதினா வேலிப் பக்கம் ஒருத்தரும் இருக்கக் கூடாது."

இதை ஊரைக் கூட்டியும் சொன்னாள். அன்றைக்கு என்று பார்த்து பாஞ்சாலி, தங்கை பேத்திக்குக் காது குத்து என்று திருவாமாத்தூர் போயிருந்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சவங்க தானேண்ணா, நீங்களே சொல்லிடுங்க" என்று சங்கவி ரெஜிஸ்டரை நீட்டினாள். பூவரசன் மறுநாள் மாலை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். "சொல்லிட்டேன் மேடம்" என்றும் சொன்னான்.

சொல்லவில்லை.

சொல்லத்தான் போனான். பாஞ்சாலி வழக்கம்போல வேலிக்கு அந்தப் பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தினி அடி தம்பி?"

"நாலாயிரத்து எட்நூறு தாண்டியாச்சுக்கா."

"எழுநூறுல இல்லாதது அம்மாந்தூரத்துல இருக்குமா?"

"இருக்கும்னு தான் சொல்றாங்க."

"வந்தா எப்பிடித் தெரியும்?"

இங்கேதான் அவன் வாய் திறந்திருக்க வேண்டும். இது உப்புத் தண்ணீர், கொதிக்கிற தண்ணீர், உன் கொல்லைக்கு ஒரு சொட்டும் கிடையாது, எல்லாம் திரும்ப உள்ளேதான் போகும் என்று. கம்பெனி கொடுத்த பத்திரத்தில் பதினான்கு பக்கத்துக்கு அதைத்தான் எழுதியிருந்தது. பதினான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டவளுக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். நான்காவது முறையாக 'இல்லக்கா' என்று சொல்ல அவன் நாக்கு எழவில்லை.

"சங்கு ஊதும்க்கா. தண்ணி மேல வந்தா தான் ஊதுவாங்க" என்றான்.

பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் காலை ஷிப்டு முடிந்ததும் குழிக்கரையில் போய் நின்றான். முப்பதடிக்கு முப்பதடி, கறுப்பு பிளாஸ்டிக் விரித்து, நாலு பக்கமும் மார்பளவு மண்கரை போட்ட குழி. எங்குமே கலங்கல் இல்லை. நிறைந்த தண்ணீர் வழிந்து போகக் கரையில் தாழ்வாக ஒரு வழி விடுவதுதான் கலங்கல். அந்தப் பக்கத்து ஏரி, குளம், குட்டை எதுவுமே கலங்கல் இல்லாமல் கிடையாது. இல்லாவிட்டால் கரை பிய்த்துக்கொள்ளும் என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். காலேஜில் படித்தவர்களுக்கு இது தெரியவில்லையே என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. சங்கவி அந்தக் குழியின் கொள்ளளவை லிட்டர் சுத்தமாகக் கணித்துத்தான் போட்டிருந்தாள் என்பதை அவன் யோசிக்கவில்லை.

மண்வெட்டியை எடுத்தான். பாஞ்சாலியின் கொல்லையைப் பார்த்த மூலையில் ஒரு அடி ஆழத்துக்குக் கரையை வெட்டி, பிளாஸ்டிக்கை அழகாக மடித்து விட்டு, மேலே நாலு கல்லும் பதித்தான். குழிக்கு அப்பாலுள்ள அந்த மூலைக்கு ரிக் ஆட்கள் யாரும் போவதில்லை. அதற்கு நேர் கீழே பாஞ்சாலியின் பழைய வாய்க்கால் கிடந்தது. மூன்றாவது போருக்கு ஆசையாக அவளே வெட்டி வைத்த வாய்க்கால். சூட்டுத் தண்ணீர்தான், குழியில் கிடந்து ஆறட்டும், ஆறியபின் உபரி வழியட்டும், உப்பாகவே இருந்தாலும் ஒரு தடவை அவள் கண்ணால் பார்க்கட்டும் என்பது அவன் போட்ட திட்டம். நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். கலங்கலையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாள் வாய்க்காலில் முள்ளும் புல்லும் இல்லாமல் சுத்தமாகச் செதுக்கியிருந்தது. பூவரசனுக்குப் பல வருடத்துக்குப் பிறகு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

மே மாதம் இரண்டாவது வாரம். உச்சி வெயில். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு மீட்டரில், கடினப் பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்த டிரில் பிட் சட்டென்று இரண்டடி கீழே இறங்கியது. பாறையில் வெடிப்பு. சேற்றுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அலெக்ஸ் வாக்கிடாக்கியில் கத்தினான்.

"பூவரசு, டேங்க்ல ஏறுது. ஜல்தி."

பூவரசன் பைப்பைத் தூக்கினான். பம்பை நிறுத்தினான். பம்பு நின்றும் சேறு நிற்காமல் வந்துகொண்டிருந்தது. வாய்ப்பூட்டின் பிடியை இழுத்தான்; கீழே இரும்பு கடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பக்கக் குழாய் திறந்தது. தளமே ஒரு முறை குலுங்கி அடங்கியது.

"முப்பத்தஞ்சு செகண்டுண்ணா" என்றாள் சங்கவி. ஆட்கள் கை தட்டினார்கள். அலெக்ஸ் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டான். சங்கவி சங்கை அழுத்திவிட்டு, அழுத்தமானியைப் பார்த்தபடி பக்கக் குழாயின் வால்வைத் திருகத் தொடங்கினாள். கீழே கனச் சேறு கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

குழாயிலிருந்து முதலில் சேறு வந்தது. பிறகு கலங்கிய நீர். பிறகு, தெளிந்த தண்ணீர். பூவரசன் உயரத் தளத்தில் நின்று பார்த்தான். அவனுக்குள் இருந்த டிரில்லர் எங்கோ போய்விட்டான், பழைய போர்க்காரன் முழித்துக்கொண்டான். ஆறு இஞ்சு. கண்ணாலேயே அளந்துவிட்டான். இந்தக் கொல்லையில், இந்தப் பாழாய்ப்போன கொல்லையில், ஆறு இஞ்சுத் தண்ணீர். கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு.

குழியைக் காலி செய்கிற டேங்கர் இரண்டு நாளாக வரவில்லை. பாதிக் குழி ஏற்கெனவே நிறைந்திருந்தது. மீதியும் மளமளவென்று ஏறியது. அவன் வெட்டிய கலங்கலை எட்டித் தொட்டது. கல்லின்மேல் வெள்ளை நுரை தள்ளி வழியத் தொடங்கியது. ஆற நேரமே இல்லை. கொளுத்துகிற வெயிலில் ஆவிகூடச் சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. எந்த ஏரித் தண்ணீரையும் போலவே இருந்தது அது.

அப்போதுதான் வாய்க்காலின் வழியே பார்வை போயிற்று. அதன் நடுவில் பாஞ்சாலி நின்றிருந்தாள்.

சங்கு கேட்டு வந்திருந்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, நெற்றியில் திருநீறு பூசி, கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு. வருகிற தண்ணீரைச் செருப்பில்லாமல் எதிரில் போய் நின்று வாங்க வேண்டும். அதுதான் அங்கே முறை. ஆயிரத்து நானூறு போரில் பூவரசன் எத்தனையோ முறை பார்த்த காட்சி. வெறுங்காலோடு, வேலிக்கு வெளியே தன் சொந்த வாய்க்காலில் நின்று, வளைந்து வருகிற அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கரை ஏறு" என்று தொண்டை கிழியக் கத்தினான். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. இரண்டு கையையும் வீசினான். அவள் நிமிர்ந்து பார்த்து, அவனும் கொண்டாடுகிறான் என்று நினைத்து, சொம்பைத் தூக்கிக் காட்டினாள்.

படிகளை எப்படி இறங்கினான் என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. ஓடும்போது பார்த்தான்: அவள் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள், சொம்பைக் கரையில் வைத்தாள், குனிந்தாள், வருகிற தண்ணீரை அள்ளி எடுக்க இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

பிறகு வந்த சத்தத்தைச் சங்காலும் அமுக்க முடியவில்லை.

பூட்ஸ் காலோடு வாய்க்காலில் இறங்கி அவளைத் தூக்கினான். முழங்கால் வரை வெந்திருந்தது. தன் கையும் வெந்ததை அவன் அப்போது உணரவில்லை. அவள் முழங்கைக்குக் கீழே அவன் பிடித்த இடத்தில் தோல் ஈரத்துணி மாதிரி நகர்ந்தது. அதற்குப் பிறகு எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓடினான். சங்கவி குடிதண்ணீர் டிரம்மைத் திறந்து விட்டாள். யாரோ இட்லி மாவு கொண்டு வந்தார்கள், சங்கவி தட்டிவிட்டாள். "தண்ணி மட்டும் தான். இருபது நிமிஷம் விடாம ஊத்துங்க" என்றாள். பூவரசன் ஊற்றினான். முப்பத்தைந்து விநாடி, முப்பத்தைந்து விநாடி என்று அவன் தலைக்குள் எதுவோ சொல்லிக்கொண்டே இருந்தது. எல்லாம் சரியாகத்தானே செய்தேன், எல்லாம் சரியாகத்தானே செய்தேன் என்று.

கிணறு பத்தொன்பதாவது நிமிடத்தில் கனச் சேற்றுக்கு அடங்கிவிட்டது. அன்று மாலை சங்கவி குழிக்கரையில் டேப்பு பிடித்து அளந்தாள். தண்ணீர் நின்ற உச்ச மட்டத்துக்கு மேல், வெட்டாத கரை இன்னும் முக்கால் அடி மிச்சம் இருந்தது. வழிந்து போனதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும், கலங்கல் இல்லாவிட்டால் ஒரு சொட்டும் வெளியே போயிருக்காது.

நான்காவது நாள் பூவரசன், வெந்த கையில் கட்டோடு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டு வாசலிலேயே சங்கவியின் குரல் கேட்டது. உள்ளே போகாமல் நின்றான்.

"கரைய யாரு வெட்டினதுன்னு எழுதணும்மா. அது தெரியாம ரிப்போர்ட்ட முடிக்க முடியாது."

"நான் தான் வெட்டினேன்" என்றாள் பாஞ்சாலி. குரல் சன்னமாக இருந்தது, ஆனால் தடுமாறவில்லை. "யாரும் இல்லாத நேரமாப் பாத்து வேலி தாண்டிப் போயி வெட்டிட்டேன்."

"அம்மா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. அப்பிடி எழுதினா தப்பு உங்க பேர்ல வந்துரும். கம்பெனி உங்களுக்கு ஒண்ணும் செய்யாது. வைத்தியம்கூடப் பாக்க மாட்டாங்க."

"வரட்டும். எழுது."

பூவரசன் வாசலிலிருந்தே எட்டி அவளைப் பார்த்தான். களி போட்ட கை. இப்போது முழங்கை வரை பஞ்சும் துணியுமாக இருக்கிற அதே கைதான் இதையும் போடுகிறது. வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் ஒரு கணம் வந்தது. வந்ததே என்று வெட்கமாக இருந்தது.

உள்ளே போனான்.

"அத அடிச்சிடுங்க மேடம். வெட்டினது நான்."

சங்கவி நிமிர்ந்து பார்த்தாள்.

"சங்கு ஊதினா ஓடிப்போகணும்னு அக்காக்கிட்ட சொல்லச் சொன்னீங்களே, அதயும் நான் சொல்லல. சொன்னேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களேண்ணா" என்றாள் அவள். கோபமே இல்லை அந்தக் குரலில். கன்னத்தில் அறை வாங்கிய பிள்ளையின் குரல். பிறகு தலையைக் குனிந்து, எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினாள். பேனா இரண்டு முறை நின்றது.

"அது கெடக்கட்டும்" என்றாள் பாஞ்சாலி. "எத்தினி இஞ்சு வந்துச்சு தம்பி?"

"ஆறு இஞ்சுக்கா."

"ஆறா." மருந்தில் சொருகியிருந்த கண் அகலமாகத் திறந்தது. "இப்ப ஓடுதா?"

"பூட்டியாச்சுக்கா."

"எப்பத் தொறப்பாங்க?"

பூவரசன் கட்டுப்போட்ட கையால் தலைத்துண்டை மெதுவாக அவிழ்த்தான். கட்டிலுக்கு நேர் முன்னால் போய் நின்றான்.

"இல்லக்கா" என்றான். "தொறந்தாலும் உனக்கு இல்ல. அது உப்புத் தண்ணி. சூட்ட எடுத்துக்கினு மறுபடி உள்ளயே வுட்டுருவாங்க. கொல்லைக்குப் பாயாது. மொத நாள்ளயிருந்து எனக்குத் தெரியும்க்கா."

பாஞ்சாலி போர்வைமேல் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கவி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"மூணு தபா எம்மூஞ்சிக்கு நேரா நின்னு இல்லன்னு சொன்ன" என்றாள் பாஞ்சாலி. "நான் ஒரு வார்த்தை கேட்டனா?"

"இல்லக்கா."

"களி போட்டுத் தானே அனுப்பினேன்."

"ஆமாக்கா."

"நாலாவது தபாவும் அப்பிடியே வந்து சொல்லி இருக்கலாமே தம்பி."

கட்டு மாற்றுகிற நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்து, எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். சங்கவி எழுந்து போனாள். பூவரசன் துண்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றான். நர்ஸ் இரண்டாவது முறை சொன்னதும் அவன் காதில் விழவில்லை.